மிச்சத்தைக் கைமாற்று: விலைப்பட்டியலிலிருந்து சரக்குப் பதிவு எழுதச் சுருக்கமான வழி

வரி, எடைக்கல் முத்திரை, உணவுப் பாதுகாப்பு உரிமம் என்று நம் தொழிலுக்கு வேண்டிய பாடங்கள் பலவற்றை நாம் படித்திருக்கிறோம். இன்று கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுவதைப் பற்றி ஒரு பாடம். பருப்பு மூட்டை விற்பவனுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். நான் பள்ளிப் படிப்போடு நின்றவன்தான். ஆனால் என் கடைக்கு 24,900 ரூபாய் நஷ்டமும், அதைவிடப் பெரிய ஒரு மனக்கஷ்டமும் இந்த விஷயம் தெரியாததால் வந்தது. நம் கடைகளில் பில் போடும் மெஷினுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதை ஒரு தடவையாவது முதலாளி தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

நடந்தது என்ன?

நாங்கள் ஸ்டாக்கிஸ்டாக இருக்கும் கம்பெனிகள் ஒன்பது. ஒவ்வொரு கம்பெனியும் விலைப்பட்டியலைக் கம்ப்யூட்டர் ஃபைலாக அனுப்பும். அந்த ஃபைலைப் படித்து, எங்கள் சரக்குப் பதிவுகளை நிரப்ப ஒரு சிறிய புரோகிராம் இருந்தது. என் தம்பி மகன் கல்லூரியில் படிக்கும்போது 2021-இல் எழுதிக் கொடுத்தது அது.

2023 ஐப்பசி, தீபாவளி வாரம். கடலை மாவு பறந்துகொண்டிருந்த நேரம். ஒரு கம்பெனியின் பட்டியலில் வரிசைக்கு 6 கட்டங்கள் உண்டு: பெயர், எச்.எஸ்.என். குறியீடு, பெட்டி எடை, வரி சதவீதம், கொள்முதல் விலை, நாங்கள் விற்க வேண்டிய விலை. அந்த வாரம் கம்பெனியார் நல்ல எண்ணத்தோடு, ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று, 'சென்ற வார விலை' என்ற புதிய கட்டத்தை ஐந்தாவது இடத்தில் நுழைத்து அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் புரோகிராமுக்கு அது தெரியாது. ஐந்தாவது கட்டத்தில் இருந்த சென்ற வார விலை 1,790 ரூபாயைக் கொள்முதல் விலை என்று எழுதிக்கொண்டது. ஆறாவது கட்டத்துக்குத் தள்ளப்பட்ட கொள்முதல் விலை 1,840 ரூபாயை விற்பனை விலை என்று எழுதிக்கொண்டது. உண்மையான விற்பனை விலை 1,900 ரூபாய் ஏழாவது கட்டத்தில் கேட்பாரற்று நின்றது. (எல்லாம் வரி நீங்கலாக 20 கிலோ பெட்டி விலை.)

நான்கு நாட்களில் 415 பெட்டிகள் அடக்க விலைக்கே போய்விட்டன. பெட்டிக்கு 60 ரூபாய் வீதம் கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள். இதில் கொடுமை என்னவென்றால், அன்றாட அறிக்கையில் மெஷின் பெட்டிக்கு 50 ரூபாய் லாபம் என்றே காட்டியது. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கம்பெனி இன்வாய்ஸ் கைக்கு வந்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. முப்பது வருடமாக என்னோடு இருக்கும் கணக்குப்பிள்ளையை, கடைப் பையன்கள் முன்னிலையில், சொல்லக்கூடாத வார்த்தை சொல்லிவிட்டேன். "முதலாளி, நான் கையால் ஒரு விலையும் போடவில்லை. மெஷின் சொன்ன விலைதான்" என்றார். நான் கேட்கவில்லை. மறுநாள் அவர் கடைக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

தீபாவளிக்கு வந்திருந்த தம்பி மகன் ஃபைலையும் புரோகிராமையும் திறந்து பார்த்துவிட்டு, "பெரியப்பா, தப்பு அவர் மேல் இல்லை. நான் எழுதின விதத்தில்தான் தப்பு" என்றான். அன்றிரவு அவன் எனக்குச் சொல்லிக் கொடுத்ததையும், அதன் பிறகு நான் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதையும் கீழே தருகிறேன்.

பட்டியல் வேறு, பதிவு வேறு

விலைப்பட்டியலின் ஒரு வரிசை என்பது கட்டங்களின் தொடர். அதில் முதலாவது, இரண்டாவது என்ற இடம் மட்டும்தான் உண்டு. எந்தக் கட்டத்தில் என்ன பொருள் என்று அதற்குத் தெரியாது. பதிவு என்பது பெயர் எழுதிய அறைகள் உள்ள அஞ்சறைப் பெட்டி. கடுகு அறையில் கடுகு, சீரக அறையில் சீரகம். பட்டியலில் இருப்பதைப் பதிவில் நிரப்புவதுதான் வேலை. தவறு நடக்கும் இடமும் அதுவே.

என் தம்பி மகன் எழுதியது ஹாஸ்கெல் என்ற மொழியில். முதலில் அவன் எழுதியிருந்த விதம் இது. உண்மையில் பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருக்கும். நமக்கு விளங்குவதற்காகத் தமிழில் எழுதுகிறேன்.

பெயர் = கட்டங்கள் !! 0
குறியீடு = கட்டங்கள் !! 1
எடை = எண்ணாக்கு (கட்டங்கள் !! 2)
வரி = எண்ணாக்கு (கட்டங்கள் !! 3)
கொள்விலை = எண்ணாக்கு (கட்டங்கள் !! 4)
விற்விலை = எண்ணாக்கு (கட்டங்கள் !! 5)

!! என்ற குறிக்கு 'இத்தனையாவது கட்டத்தை எடு' என்று பொருள். நாம் நெல் அளக்கும்போது ஒன்று என்று சொல்லாமல் 'லாபம்' என்று தொடங்குவோம். கம்ப்யூட்டரோ முதல் கட்டத்தைப் பூஜ்யம் என்று தொடங்குகிறது. ஆகவே ஐந்தாவது கட்டத்துக்கு 4 என்று எழுத வேண்டும். தடுமாற்றத்துக்கு இதுவே முதல் காரணம்.

கம்பெனிக்கு 6 வரி வீதம் ஒன்பது கம்பெனிக்கு 54 வரிகள். ஒன்றைப் பார்த்து ஒன்றை எழுதி, எண்ணை மட்டும் மாற்றிக்கொண்டே போக வேண்டும். இப்படி ஒரே மாதிரி வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது கண் ஏமாறும். இது நம் பேரேடு எழுதுபவர்களுக்கும் தெரிந்த சங்கதிதான்.

இதில் உள்ள குறைகளை மூன்றாகச் சொல்லலாம். ஒன்று, நடுவில் ஒரு கட்டம் நுழைந்தால் அதற்குப் பிறகு உள்ள எல்லா எண்களும் பொய்யாகிவிடும். இரண்டு, வரிசையில் கட்டம் குறைந்து இல்லாத இடத்தைக் கேட்டால் புரோகிராம் காரியத்தின் நடுவே நின்றுவிடும். எந்தச் சரக்கில் என்ன குறை என்று நமக்குப் புரியும்படி சொல்லாது. மூன்று, கட்டம் அதிகமாக இருந்தால் வாயே திறக்காது. எங்களைக் கெடுத்தது மூன்றாவது குறை.

சார்பு என்றால் என்ன?

ஹாஸ்கெல் 'ஃபங்ஷனல் புரோகிராமிங்' என்ற வகையைச் சேர்ந்தது. ஃபங்ஷன் என்பதைத் தமிழில் சார்பு என்பார்கள். மாவு மில்லை நினைத்துக் கொள்ளுங்கள். ஒரே கடலைப் பருப்பைப் போட்டால் ஒரே கடலை மாவுதான் வரும். நேற்று என்ன அரைத்தோம் என்பதைப் பொறுத்து இன்றைய மாவு மாறக்கூடாது. அதுதான் சார்பு. இந்தச் சிந்தனை புதிது அல்ல. அமெரிக்காவில் ஜான் மெக்கார்த்தி 1958-இல் தொடங்கிய லிஸ்ப் என்ற மொழியே பட்டியல்களைக் கையாள்வதற்காகப் பிறந்ததுதான். ஹாஸ்கெல் மொழியைப் பல அறிஞர்கள் கூடி உருவாக்க 1987-இல் முடிவு செய்தார்கள். முதல் அறிக்கை 1990-இல் வெளிவந்தது. ஹாஸ்கெல் கர்ரி (1900–1982) என்ற தர்க்கவியல் அறிஞரின் பெயரையே மொழிக்கு வைத்தார்கள்.

அந்தக் கர்ரியின் பெயரால் வழங்கும் ஒரு தந்திரம் நமக்கு மிகவும் முக்கியம். (அவருக்கு முன்பே 1924-இல் ஷோன்ஃபிங்கெல் என்பவர் இதை எழுதிவிட்டார்.) ஒரு சார்புக்கு 6 பொருள்கள் தேவை என்றால் ஆறையும் ஒரே சமயத்தில் கொடுக்க வேண்டியதில்லை. ஒன்றைக் கொடுத்தால், மீதி ஐந்துக்காகக் காத்திருக்கும் ஒரு சார்பு கிடைக்கும். இன்னொன்றைக் கொடுத்தால், நான்குக்காகக் காத்திருக்கும் சார்பு. கடைசிப் பொருளும் விழுந்தவுடன் வேலை முடிகிறது.

ஹாஸ்கெலில் பதிவை உண்டாக்குவதும் ஒரு சார்புதான். 'சரக்கு' என்ற அந்தச் சார்பு, ஆறு அறைக்கும் பொருளை ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்ளும். அஞ்சறைப் பெட்டியைக் கைமாற்றிக்கொண்டே போய், ஒவ்வொருவரும் ஒரு அறையை நிரப்புவது போல.

சிட்டை வாசிக்கும் முறை

நம் கடைகளில் இரண்டு பேர் சேர்ந்து சிட்டையைப் பேரேட்டில் ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் வாசிப்பார், ஒருவர் எழுதுவார். வாசிப்பவர் 'ஐந்தாவது என்ன, எட்டாவது என்ன' என்று ஒவ்வொரு முறையும் மேலிருந்து எண்ணிப் பார்ப்பதில்லை. வாசித்ததை டிக் செய்துவிட்டு, மிச்சம் இருப்பதில் முதலாவதை வாசிப்பார். எல்லாம் முடிந்ததும் 'சிட்டை முடிந்தது' என்று சொல்வார். எழுதுபவரிடம் பக்கம் முடியாமல் வாசிப்பவரிடம் சிட்டை முடிந்தாலும், எழுதுபவர் முடித்த பிறகு சிட்டையில் மிச்சம் இருந்தாலும், இருவரும் அங்கேயே நிறுத்தித் தேடுவார்கள்.

சுருக்கு வழியும் இதுதான். எண்ணைச் சொல்லிப் பிடிக்காதே. முதலாவதை எடு, மிச்சத்தை அடுத்தவனிடம் கைமாற்று.

இதற்கு 'எடுப்பவன்' என்ற சிறு சார்புகளை எழுதிக்கொள்ள வேண்டும். எடுப்பவன் கட்டங்களின் பட்டியலை வாங்குவான். இரண்டில் ஒன்றைத் திருப்பித் தருவான். காரியம் சரியானால், எடுத்த பொருளையும் மிச்சப் பட்டியலையும் சேர்த்துத் தருவான். தவறானால், என்ன தவறு என்ற செய்தியைத் தருவான். நமக்குத் தேவை மூன்றே பேர்.

எழுத்து: முதல் கட்டத்தை அப்படியே எழுத்தாக எடுப்பவன்.
எண்: முதல் கட்டத்தை எண்ணாக மாற்றி எடுப்பவன். எண்ணாக இல்லாவிட்டால் 'இங்கே எண் இருக்க வேண்டும்' என்று முறையிடுவான்.
முடிவு: எதையும் எடுக்கமாட்டான். மிச்சம் ஏதாவது இருந்தால் முறையிடுவான்.

எச்.எஸ்.என். குறியீட்டை ஏன் எண்ணாக எடுக்கக்கூடாது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். பயறு வகைகளின் குறியீடு 0713. அதை எண்ணாக மாற்றினால் முன்னால் உள்ள பூஜ்யம் விழுந்து 713 ஆகிவிடும். கூட்டிக் கழிக்காத எதையும் எழுத்தாகவே வைத்துக்கொள்ள வேண்டும். வாடிக்கையாளர் போன் நம்பரும் அப்படித்தான்.

இப்போது இவர்களைச் சேர்த்துக் கட்டினால் முன்பு 6 வரியில் எழுதியது இப்படி ஒரே வரியாகிறது:

சரக்கு <$> எழுத்து <*> எழுத்து <*> எண் <*> எண் <*> எண் <*> எண் <* முடிவு

<$> என்பது, எடுப்பவன் கொண்டுவந்த முதல் பொருளை 'சரக்கு' என்ற சார்பின் கையில் கொடுக்கும் குறி. <*> என்பது கைமாற்றும் குறி. இடப்பக்கத்தார் விட்ட மிச்சத்தை வலப்பக்கத்தாரிடம் தருகிறது. அவர் எடுத்த பொருளைக் காத்திருக்கும் சார்பிடம் தருகிறது. இடப்பக்கத்தில் தவறு நேர்ந்திருந்தால் வலப்பக்கத்தைக் கூப்பிடாமலேயே தவற்றைச் சொல்லி நிறுத்துகிறது. கடைசியில் உள்ள <* என்ற குறிக்கு, 'வலப்பக்கத்தாரையும் வேலை செய்யச் சொல், ஆனால் அவர் தருவதைப் பெட்டியில் போடாதே' என்று பொருள். முடிவு என்பவர் தரும் பொருள் ஒன்றுமில்லை அல்லவா, அதனால்தான்.

கைமாற்றும் இந்த வேலையை ஒரே ஒரு தடவை எழுதி வைத்தால் போதும். ஒன்பது கம்பெனிக்கும் அதுவே உதவும். கம்பெனிக்கு ஒரு வரி வீதம் 54 வரிகள் 9 வரியாகிவிட்டன.

ஒரு உதாரணம்

சரியான வரிசை இது: கடலை மாவு | 1106 | 20 | 5 | 1840 | 1900.

எழுத்து 'கடலை மாவு' என்பதை எடுக்கிறான், மிச்சம் ஐந்து. அடுத்த எழுத்து 1106 எடுக்கிறான், மிச்சம் நான்கு. எண் 20, எண் 5, எண் 1840, எண் 1900. மிச்சம் ஒன்றுமில்லை. முடிவு திருப்தி. பதிவு தயார்.

தீபாவளி வாரத்தில் வந்த வரிசை இது: கடலை மாவு | 1106 | 20 | 5 | 1790 | 1840 | 1900.

இங்கேயும் ஆறு பேரும் எந்த முறையீடும் இல்லாமல் எடுத்துவிடுவார்கள். 1790 என்பதும் எண்தானே! ஆனால் கடைசியில் முடிவு என்பவரிடம் வந்தால், காலியாக இருக்க வேண்டிய இடத்தில் 1900 நிற்கிறது. 'முடிந்திருக்க வேண்டும், 1900 மிச்சம் இருக்கிறது' என்று முறையிடுவார். பதிவு எழுதப்படாது. அந்த ஒரு சொல் இருந்திருந்தால் 415 பெட்டிகளும் தப்பியிருக்கும். கணக்குப்பிள்ளையும் ஏச்சு வாங்கியிருக்கமாட்டார். சுருக்கி எழுதுவது மட்டும் போதாது, முடிவைச் சோதிப்பதையும் சேர்த்தே சுருக்க வேண்டும் என்பதைத் தயவு செய்து குறித்துக் கொள்ளுங்கள்.

இன்னொரு பொறியும் உண்டு. பல ஃபைல்களில் கட்டங்களைப் பிரிக்கக் காற்புள்ளிதான் இருக்கும். நாமோ 1,840 என்று விலையிலும் காற்புள்ளி போடும் பழக்கம் உள்ளவர்கள். மேற்கோள் குறிக்குள் போடாமல் அப்படி எழுதினால் 1 ஒரு கட்டமாகவும் 840 இன்னொரு கட்டமாகவும் பிரிந்துவிடும். 1 ரூபாய்க்குக் கொள்முதல் என்று பதிவாகும்! இதையும் முடிவு பிடித்துவிடுவார். வரிசையைக் கட்டங்களாகப் பிரிக்கும் வேலையை நாமே எழுதாமல், பலரும் பயன்படுத்திச் சோதித்த நூலகப் புரோகிராமிடம் விடுவதே நல்லது.

இந்த வழி எதைப் பிடிக்காது?

வியாபாரி சரக்கின் குறையையும் சேர்த்துச் சொன்னால்தான் நாணயம். ஒரு கட்டத்தை எடுத்துவிட்டு வேறொன்றைச் சேர்த்தாலோ, கொள்முதல் விலையையும் விற்பனை விலையையும் இடம் மாற்றினாலோ, கட்டங்களின் எண்ணிக்கை ஆறாகவே இருக்கும். எண் இருக்க வேண்டிய இடத்தில் எண்ணும் இருக்கும். முடிவு ஏமாந்துவிடுவார். இதற்கு மூன்று காவல்கள் உண்டு.

முதல் காவல், வகைகளைப் பிரிப்பது. கொள்விலை, விற்விலை இரண்டையும் வெறும் எண் என்று வைக்காமல் தனித்தனி வகையாக அறிவித்துவிட வேண்டும். புரோகிராம் எழுதுபவர் இரண்டையும் மாற்றி எழுதினால், புரோகிராம் ஓடுவதற்கு முன்பே ஹாஸ்கெல் மறுத்துவிடும். ஆனால் இது நம் கை தவறினால்தான் பிடிக்கும். கம்பெனியார் கை தவறினால் பிடிக்காது.

இரண்டாவது காவல், தலைப்பைப் பார்த்து எடுப்பது. ஃபைலின் முதல் வரிசையில் பெரும்பாலும் தலைப்புகள் இருக்கும். எத்தனையாவது கட்டம் என்று பார்க்காமல், 'கொள்முதல் விலை' என்ற தலைப்பின் கீழ் உள்ளதை எடுக்கச் சொல்லலாம்.

சரக்கு <$> தலைப்பு "பெயர்" எழுத்து <*> தலைப்பு "குறியீடு" எழுத்து <*> தலைப்பு "எடை" எண் <*> தலைப்பு "வரி" எண் <*> தலைப்பு "கொள்முதல் விலை" எண் <*> தலைப்பு "விற்பனை விலை" எண்

பாருங்கள், அதே <$>, அதே <*>. எடுப்பவர்கள் மட்டும்தான் மாறியிருக்கிறார்கள். இங்கே மிச்சத்தைக் கைமாற்றும் வேலை இல்லை. ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய தலைப்பைத் தாமே தேடிக்கொள்கிறார்கள். ஒரே கட்டுமானம் பல வித வேலைகளுக்குப் பொருந்தும் என்பதைக் கோனர் மெக்பிரைட், ராஸ் பேட்டர்சன் என்ற இருவரும் 2008-இல் ஒரு கட்டுரையில் தெளிவாக எடுத்துக் காட்டினார்கள். இதற்கு 'அப்ளிகேட்டிவ்' என்று பெயர்.

தலைப்பு முறையில் கம்பெனியார் புதிய கட்டத்தை எங்கே நுழைத்தாலும் கவலையில்லை. தலைப்பின் பெயரையே மாற்றினால் 'இந்தத் தலைப்பு இல்லை' என்று செய்தி வரும். இன்னொரு லாபமும் உண்டு. ஒருவர் வேலை இன்னொருவர் வேலையைச் சார்ந்திராததால், ஒரு வரிசையில் மூன்று தவறு இருந்தால் மூன்றையும் சேர்த்துச் சொல்லும்படி அமைக்கலாம். கைமாற்றும் முறையில் முன்னவர் தடுமாறினால் பின்னவருக்கு மிச்சம் எது என்றே தெரியாது. ஆகவே முதல் தவற்றோடு நிற்கத்தான் வேண்டும். தலைப்பு உள்ள ஃபைலுக்குத் தலைப்பு முறை, தலைப்பு இல்லாத ஃபைலுக்குக் கைமாற்றும் முறை என்று வைத்துக் கொள்ளுங்கள்.

மூன்றாவது காவல், வியாபார அறிவு. விற்பனை விலை கொள்முதல் விலையைவிடக் குறைவாக இருக்கக்கூடாது. வரி சதவீதம் சட்டத்தில் உள்ள விகிதங்களில் ஒன்றாக இருக்க வேண்டும். பட்டியலில் வந்த கொள்முதல் விலை கம்பெனி இன்வாய்ஸ் விலையோடு ஒத்துப்போக வேண்டும். எங்கள் சங்கதியில் 1790-ஐவிட 1840 கூடுதல்தான் என்பதால் முதல் சோதனை மட்டும் இருந்திருந்தால் பிடித்திருக்காது. இன்வாய்ஸோடு ஒத்துப் பார்ப்பதுதான் பிடித்திருக்கும். இதைப் புரோகிராம் எழுதுபவருக்கு நாம்தான் சொல்ல வேண்டும். அவருக்கு மொழி தெரியும், நம் சரக்கு தெரியாது.

பட்டியல் முழுவதையும் என்ன செய்வது?

ஒரு வரிசையைப் பார்த்தோம். பட்டியலில் 200 வரிசை இருந்தால்? சார்பு முறையில் 'ஒவ்வொன்றுக்கும் இதைச் செய்' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். ஆனால் நடுவில் ஒரு வரிசை பழுதாக இருந்தால் என்ன செய்வது என்பதை முதலாளிதான் முடிவு செய்ய வேண்டும்.

லாரியில் வந்த 200 மூட்டையில் ஒன்று கிழிந்திருந்தால் லாரியையே திருப்பி அனுப்புவீர்களா, அந்த ஒன்றைத் தனியே வைத்துவிட்டு மற்றதை இறக்குவீர்களா? இரண்டுக்கும் ஹாஸ்கெலில் வழி உண்டு. 'டிராவர்ஸ்' என்ற சார்பு, ஒரு வரிசை தவறினாலும் மொத்தத்தையும் மறுத்துவிடும். 'பார்ட்டிஷன் ஈதர்ஸ்' என்ற சார்பு, தவறான செய்திகளை ஒரு பக்கமும் நல்ல பதிவுகளை ஒரு பக்கமும் பிரித்துத் தரும்.

நாங்கள் இப்படி வைத்திருக்கிறோம். கட்டங்களின் எண்ணிக்கையோ தலைப்போ மாறியிருந்தால் முழுப் பட்டியலையும் நிறுத்திவிடுவது. ஏனென்றால் கம்பெனி முறையையே மாற்றியிருக்கிறது. ஒரு சரக்கில் மட்டும் விலை விட்டுப்போயிருந்தால் அதை மட்டும் தனியே வைத்துவிட்டு மற்றதை ஏற்றுவது. தனியே வைத்த சரக்குக்குப் பழைய விலையிலும் பில் வராது. கணக்குப்பிள்ளை பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் வரும்.

புரோகிராம் எழுதுபவரிடம் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

நாம் எல்லோரும் ஹாஸ்கெல் படிக்க வேண்டியதில்லை. உங்கள் கடை மென்பொருள் எந்த மொழியில் இருந்தாலும், எழுதிக் கொடுத்தவரிடம் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

1. விலைப்பட்டியலைக் கட்ட எண்ணை வைத்துப் படிக்கிறீர்களா, தலைப்பை வைத்தா?
2. கட்டம் ஒன்று கூடினால் மெஷின் என்ன சொல்லும்? ஒன்று குறைந்தால் என்ன சொல்லும்?
3. பூஜ்யத்தில் தொடங்கும் குறியீடு பூஜ்யத்தோடே நிற்கிறதா?
4. ஒரு வரிசை தவறினால் மற்ற வரிசைகளின் கதி என்ன? தவறானவற்றின் பட்டியல் யார் கைக்கு வரும்?
5. கம்பெனிக்குக் கம்பெனி ஒரே வேலையைத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறீர்களா, ஒரு தடவை எழுதி எல்லாவற்றுக்கும் உபயோகிக்கிறீர்களா?

ஐந்தாவது கேள்வி அவர் சமாச்சாரம் என்று விட்டுவிடாதீர்கள். ஒன்பது இடத்தில் எழுதியதைத் திருத்த ஒன்பது தடவை கை வைக்க வேண்டும். எட்டைத் திருத்தி ஒன்றை மறந்தால் நஷ்டம் நம்முடையது. 'முடிவு' என்ற ஒரு சொல்லைச் சேர்க்க எங்களுக்கு ஒரு இரவு போதுமானதாக இருந்ததற்குக் காரணம், அதற்கு முன்பே 54 வரிகளை 9 ஆக்கியிருந்ததுதான்.

பதிலை வாயால் கேட்டதோடு விடாமல், ஒரு பழைய பட்டியலை எடுத்து, நடுவில் ஒரு கட்டத்தை நீங்களே நுழைத்து, அவர் எதிரிலேயே ஏற்றிப் பாருங்கள். தராசை எடைக்கல் வைத்துச் சோதிப்பது போலத்தான் இதுவும்.

முடிவாக

24,900 ரூபாயைச் சில்லறைக் கடைக்காரர்களிடம் நான் கேட்கவில்லை. பில் போட்டுக் கொடுத்த விலை கொடுத்த விலைதான். அந்தப் பணம் இரண்டு மாதத்தில் வியாபாரத்தில் வந்துவிட்டது.

மூன்றாம் நாள் காலை நானும் தம்பி மகனும் கணக்குப்பிள்ளை வீட்டுக்குப் போனோம். "என் புரோகிராம் செய்த தப்பு ஐயா, மன்னிச்சுக்கோங்க" என்று பையன் முதலில் சொன்னான். சின்னவன் சொன்ன பிறகு பெரியவன் சும்மா நிற்க முடியுமா? நானும் சொன்னேன். எந்தப் பையன்கள் முன்னிலையில் ஏசினேனோ, அவர்கள் முன்னிலையிலேயே கடையில் மறுபடியும் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் மேஜை முன் உட்கார்ந்து பேனாவை எடுத்தார்.

இப்போது பட்டியல் ஏற்றும் பொறுப்பு அவருடையது. மெஷின் தனியே ஒதுக்கிய வரிசைகளை அச்சடித்து, ஒவ்வொன்றையும் இன்வாய்ஸோடு ஒத்துப் பார்த்து, பழைய சிட்டைக்குச் செய்தது போலவே டிக் போடுகிறார். கடைசியில் "மிச்சம் ஒன்றுமில்லை முதலாளி" என்று சொல்கிறார். அதைக் கேட்ட பிறகுதான் நான் அன்றைய முதல் பில்லைப் போடச் சொல்கிறேன்.